நாற்பத்தொன்றாவது வாழ்க்கை

ஜனவரி 12

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். முழங்காலைக் கணக்கில் சேர்க்காவிட்டால் முழு நலம். உன் இருமல் போயிற்றா? போன கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நீ எழுதாமல் விட்டால் அது இன்னும் இருக்கிறது என்று எனக்கு அர்த்தம்.

முதலில் முக்கியமான விஷயம். எங்கள் அச்சகத்தில் அட்டை ஒட்டும் அம்மா இருக்கிறார்களே, அவருடைய தங்கை மகள். வயது இருபத்தொன்பது. தந்தி அலுவலகத்தில் வேலை. வாய் கொஞ்சம் நீளம் என்கிறார்கள். ஊமைக்கோட்டானான உனக்கு அப்படி ஒருத்திதான் வேண்டும். நேரில் போய்ப் பார்த்தேன். சிரித்தால் கண் இரண்டும் மூடிக்கொள்கிறது. பல் வரிசை அருமை, பல்செட்டு செய்கிற உனக்கு வேலை வைக்கமாட்டாள்.

இது எத்தனையாவது பெண் என்று நீ எண்ணுவாய். எண்ணிக்கொள். அம்மா போனபோது உனக்கு ஐந்து வயது, எனக்குப் பதினேழு. எனக்கென்று ஒரு குடும்பம் அமையவில்லை, அதில் குறையும் இல்லை. ஆனால் சாயங்காலம் கதவைத் திறந்து உள்ளே வந்து, யாரிடமும் ஒரு வார்த்தை பேசாமல் விளக்கைப் போடுகிறேனே, அது உனக்கு வேண்டாம். அவ்வளவுதான் என் ஆசை.

அச்சகத்துக்கு ஒரு தடித்த புத்தகம் வந்திருக்கிறது. யாரோ ஒரு டாக்டர் எழுதியது. வேறு ஊர்களில் நான்கு அச்சகங்கள் திருப்பி அனுப்பினவாம். எங்கள் முதலாளி படித்துப் பார்க்காமலே மருத்துவ நூல்தானே என்று ஒப்புக்கொண்டுவிட்டார். பிழை திருத்தும் வேலை வழக்கம்போல என் தலையில்.

உன் அறைத்தோழர் நெட்டை சௌக்கியமா? அவருக்காவது வீட்டில் பெண் பார்க்கிறார்களா?

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

*

ஜனவரி 27

அன்புள்ள அக்கா,

இருமல் இருக்கிறது, ஆனால் என்னைவிட இளைத்துப்போயிருக்கிறது. நீ கவலைப்படாதே. முழங்காலுக்கு எண்ணெய் போடுகிறாயா, புட்டியை அலமாரியில் வைத்து அழகு பார்க்கிறாயா?

உன் கடிதம் வந்து நாளாகிவிட்டது. பிரிக்கத் தாமதமாயிற்று. கடையில் வேலை தலைக்கு மேல். ஒரு நீதிபதிக்குப் பல்செட்டு செய்து கொடுத்தேன். தீர்ப்பு வாசிக்கும்போது 'டக்' என்று சத்தம் வருகிறதாம், கைதிகள் சிரிக்கிறார்களாம். மூன்று முறை இழைத்துக் கொடுத்தாயிற்று. "தண்டனையைக் கொஞ்சம் மெதுவா வாசிங்க ஐயா, சத்தம் வராது" என்று சொல்லிவிட்டேன். முதலாளி என் காலை மிதித்தார்.

நெட்டை நன்றாக இருக்கிறான். ரயில்வேயில் சிக்னல் வேலை அவனுக்கு, இந்த மாதம் அதிகாலை முறை வேலை. கிளம்பும்போது என்னை எழுப்பக்கூடாது என்று செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு போவான், கதவு நிலையில் தலையை இடித்துக்கொண்டு எழுப்பிவிடுவான். அவன் வீட்டில் பெண் பார்ப்பதை எப்போதோ விட்டுவிட்டார்கள்.

தந்தி அலுவலகப் பெண்ணைப் பற்றி நிதானமாக எழுதுகிறேன்.

உன் அன்புத் தம்பி

*

பிப்ரவரி 15

அன்புள்ள தம்பிக்கு,

நலம். எண்ணெய் போடுகிறேன், போதுமா?

"நிதானமாக" என்றால் எந்த வருஷம்? அவள் படம் ஒன்று உறைக்குள் வைத்திருக்கிறேன். பார்த்துவிட்டாவது பதில் எழுது.

அந்த டாக்டரின் புத்தகத்தைத் தொடங்கிவிட்டேன். எதைப் பற்றித் தெரியுமா? ஆணுக்கு ஆணிடமும் பெண்ணுக்குப் பெண்ணிடமும் வருகிற காதலைப் பற்றி. முதல் நாள் எனக்குக் காது சூடாகிவிட்டது. யாராவது பக்கத்தில் வரும்போதெல்லாம் புரூஃப் தாளைக் குப்புறக் கவிழ்த்துக் கவிழ்த்துத் திருத்தினேன் என்றால் பார்த்துக்கொள். டாக்டர் அதற்கு 'ஒருபால் விருப்பம்' என்று பெயர் வைத்திருக்கிறார். எங்கள் அச்சுக்கோப்பவருக்குப் பழக்கமில்லாத சொல். புத்தகம் முழுக்க 'ஒரு பால்' என்று இடம் விட்டுக் கோத்துவிட்டார். "இடத்தை எடுங்க" என்றேன். "ஏம்மா, ஒரு பால், சர்க்கரை கம்மியான்னு டீக்கடையில கேட்கிற மாதிரி நல்லாத்தானே இருக்கு" என்கிறார். அன்று முழுவதும் யாராலும் வேலை செய்ய முடியவில்லை.

ஆனால் தம்பி, படிக்கப் படிக்கச் சிரிப்பு நின்றுவிட்டது. சட்டத்தைப் பற்றிய பகுதி இருக்கிறது. யாரையும் அடிக்காத, எதையும் திருடாத ஆட்களை எத்தனை வருஷம் உள்ளே வைக்கிறார்கள் என்று வரிசையாகப் போட்டிருக்கிறார். பிறகு வைத்தியர்கள் இதுவரை சொன்னது. நோய் என்கிறார் ஒருவர், வளர்ப்புக் கோளாறு என்கிறார் இன்னொருவர். இவர் எல்லோரோடும் சண்டை போடுகிறார். "இவர்களுக்குச் சமூகத்தில் இடம் உண்டா என்று கேட்கிறோம். அவர்கள் ஏற்கெனவே அந்த இடத்தில்தான் நிற்கிறார்கள். நமக்குச் செருப்புத் தைக்கிறார்கள், நம் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறார்கள், நமக்குக் காய்ச்சல் வந்தால் பக்கத்தில் உட்காருகிறார்கள்" என்று எழுதியிருக்கிறார். நம் பழைய தெருவில் இரண்டு டீச்சர்கள் ஒரே வீட்டில் இருந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஒருவர் போன பிறகு மற்றவர் மூன்று மாதம்கூட இருக்கவில்லை. நாம் அப்போது என்ன நினைத்தோம்? ஒன்றுமே நினைக்கவில்லை.

கடைசியில் நூற்றுப்பன்னிரண்டு பேரின் வாழ்க்கைக் குறிப்புகள் வரப்போகின்றன. டாக்டர் கேள்விகள் அனுப்பி, அவர்கள் எழுதி அனுப்பியவையாம், பெயர்களை அவர் நீக்கிவிட்டாராம்.

படத்தைப் பார்.
அக்கா

*

பிப்ரவரி 22

அன்புள்ள அக்கா,

நலம். உன் கடிதம் நேற்று வந்தது, இன்றே எழுதுகிறேன்.

அந்தப் புத்தகம் உனக்கு எதற்கு? கண்ணுக்கு ஏற்கெனவே இரண்டு முறை கண்ணாடி மாற்றியாயிற்று. சின்ன எழுத்தில் வரும் பகுதியை, அதாவது அந்த வாழ்க்கைக் குறிப்புகளை, வேறு யாரிடமாவது கொடுக்கச் சொல்லேன். முதலாளி மாட்டேன் என்றால் விடுப்பு எடுத்துக்கொள். எத்தனை வருஷமாயிற்று நீ விடுப்பு எடுத்து?

அது எத்தனை பிரதி அச்சாகிறது? உங்கள் ஊர்க் கடைகளிலும் விற்பார்களா? சும்மா கேட்கிறேன்.

டீச்சர்களை நினைவிருக்கிறது. அவர்கள் வீட்டு வாசலில் பந்து போனால் இருவரும் சேர்ந்து வந்து எடுத்துக் கொடுப்பார்கள்.

படம் கிடைத்தது. நல்ல பெண்ணாகத் தெரிகிறாள். அவளுக்கு என்னைவிட நல்லவன் கிடைக்க வேண்டும்.

நெட்டை வணக்கம் சொல்லச் சொன்னான்.

தம்பி

*

மார்ச் 9

மதிப்பிற்குரிய டாக்டர் அவர்களுக்கு,

வணக்கம். தாங்கள் நலமுடன் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். தங்கள் நூலுக்குப் பிழை திருத்துபவள் நான். சில ஐயங்கள்.

மூன்றாம் இயலில் ஒரே ஊரின் பெயர் இரண்டு விதமாக வருகிறது. எது சரி என்று தெரிவிக்கவும். ஏழாம் இயலின் அடிக்குறிப்பு ஒன்றுக்கு எண் இல்லை.

அடுத்தது எழுத்துப்பிழை அல்ல. நாற்பத்தொன்றாம் வாழ்க்கைக் குறிப்பு. அதை எழுதியவர் தம் தொழிலைச் சொல்கிறார், பல்செட்டு செய்பவர் என்று. தாயை இழந்தபோது வயது ஐந்து என்கிறார். அம்மை போட்டிருந்தபோது, வீட்டில் வேறு அச்சிட்ட தாளே இல்லாததால், தம் அக்கா ஒரு பழைய ரயில் அட்டவணையைக் கதை போல வாசித்துக் காட்டினாள் என்கிறார். ஐயா, உலகத்தில் இப்படிச் செய்த அக்கா ஒருத்திக்கு மேல் இருக்க முடியாது. சட்டம் இப்போது இருக்கிற நிலையில் இதை இப்படியே அச்சிட்டால், அவரைத் தெரிந்தவர்கள் அவரைக் கண்டுகொள்வார்கள். நான் கண்டுகொண்டேன். எப்படி என்று தாங்கள் கேட்க வேண்டாம்.

அவர் எழுதியிருப்பதைத் தாங்கள் நூறு முறை படித்திருப்பீர்கள். நான் நேற்றுத்தான் படித்தேன். "அக்காவின் கடிதம் வந்தால் இரண்டு நாள் பிரிக்காமல் வைத்திருப்பேன். உலகத்திலேயே எனக்குப் பிடித்த கையெழுத்து அதுதான். உள்ளே எந்தப் பெண்ணின் பெயர் இருக்குமோ என்று பயம். அக்காவுக்கு என்னைப் பற்றித் தெரியாது. தெரிந்தால் என்னைக் கைவிடமாட்டாள், தன் வளர்ப்பைத்தான் குற்றம் சொல்லிக்கொள்வாள். அதை என்னால் தாங்க முடியாது."

இதைப் பிரதியோடு ஒப்பிட்டு வாசிக்க எனக்கு முழுக் காலைப்பொழுது ஆயிற்று. பிழை எதுவும் இல்லை.

ஒரே ஒரு கேள்வி. ஆண் துணை இல்லாத வீட்டில் ஒரு பெண் தனியாக ஒரு பையனை வளர்த்தால், பயந்து பயந்து, வெளியில் விளையாட விடாமல், கூடவே வைத்துக்கொண்டு வளர்த்தால், அதனால் அவன் இப்படி ஆவானா? வாசகர்கள் கேட்கக்கூடும் என்பதால் கேட்கிறேன்.

தங்கள் உண்மையுள்ள,
அச்சகத்தின் பிழை திருத்துபவள்

*

மார்ச் 18

மதிப்பிற்குரிய அம்மையாருக்கு,

வணக்கம். என் உடம்பு வயதுக்கேற்ற மாதிரி இருக்கிறது. தங்கள் கண்களுக்கு என் கையெழுத்து கொடுத்த தொல்லைக்கு முதலில் மன்னிப்பு.

ஊரின் பெயரில் இரண்டாவதுதான் சரி. அடிக்குறிப்பு எண் பதினான்கு.

நாற்பத்தொன்றைப் பற்றித் தாங்கள் சொன்னது என் தூக்கத்தைக் கெடுத்தது. பெயரை நீக்கிவிட்டால் ஆளை மறைத்துவிட்டதாக எண்ணியிருந்தேன். பெயரை வைத்து யாரும் யாரையும் நேசிப்பதில்லை என்பது இந்த வயதில்தான் புரிகிறது. அவருக்கே எழுதி, எதை மாற்றலாம் என்று கேட்கிறேன். அவர் நலம் விரும்பும் ஒருவர் அச்சகத்தில் இதைக் கவனித்தார் என்று மட்டும் சொல்வேன்.

"வாசகர்கள்" கேட்கக்கூடிய கேள்விக்கு என் பதில் இது. நூற்றுப்பன்னிரண்டு பேரில் அப்பா கையில் வளர்ந்தவர்கள் உண்டு, பாட்டனாரின் பிரம்படியில் வளர்ந்தவர்கள் உண்டு, பதினொரு அண்ணன்களோடு வளர்ந்தவர் ஒருவர் உண்டு. வளர்ப்பு எதையும் உண்டாக்கவில்லை. ஆனால் அது ஒன்றைச் செய்கிறது. ஐம்பத்து மூன்று பேர் தங்களையே வெறுப்பதாக எழுதியிருக்கிறார்கள். நாற்பத்தொன்று அப்படி ஒரு வரியும் எழுதவில்லை. தன்னைப் பற்றிப் பயப்படுகிறார், வெறுக்கவில்லை. அந்தப் பெண் அவரை எப்படி வளர்த்தார் என்று வாசகர்கள் கேட்டால், அப்படித்தான் என்று சொல்லுங்கள்.

முதல் குறிப்பு யாருடையது என்று தாங்கள் கேட்கவில்லை. அதற்கு என் நன்றி.

பணிவுடன்,
டாக்டர்

*

ஏப்ரல் 11

அன்புள்ள அக்கா,

எப்படி இருக்கிறாய்? ஏழு வாரமாயிற்று உன் கடிதம் வந்து. தபால்காரரை மறித்து மறித்துக் கேட்கிறேன். "உங்க அக்கா எழுதலைன்னா நானா எழுத முடியும்?" என்று கோபித்துக்கொண்டார்.

விடுப்பு எடுக்கச் சொன்னது பிடிக்கவில்லையா? அந்தப் பெண் விஷயத்தில் கோபமா? கோபம் என்றால் திட்டியாவது எழுது. உன் திட்டு எனக்கு ஒத்துக்கொள்ளும், இந்தச் சும்மா இருப்பதுதான் ஒத்துக்கொள்ளவில்லை.

நெட்டை, "நேர்ல போயிட்டு வாடா" என்கிறான். பதில் வரவில்லையென்றால் அடுத்த ஞாயிறு அங்கே இருப்பேன்.

தம்பி

*

ஏப்ரல் 17

அன்புள்ள தம்பிக்கு,

நலமாகத்தான் இருக்கிறேன். கண் வலி, அதனால் எழுதவில்லை. ஓடி வராதே. இங்கே வெள்ளையடிக்கிறார்கள், படுக்க இடமில்லை.

எழுதுகிற அளவுக்கு விசேஷம் ஒன்றுமில்லை. சமையலறைக் குழாய் ஒழுகுகிறது. எதிர்வீட்டுப் பூனை நான்கு குட்டி போட்டு, நான்கையும் என் துணிக்கூடையில் கொண்டுவந்து வைத்துவிட்டது. அப்படியே விட்டுவிட்டேன், பிள்ளை பெற்றவளை யார் விரட்டுவது?

உனக்குக் கம்பளிச் சட்டை பின்னி முடித்துவிட்டேன். காலுறை பின்ன நூல் மிஞ்சியிருக்கிறது. நெட்டையின் கால் அளவு என்ன? அதிகாலை வேலை என்கிறாய், சிக்னல் கூண்டில் குளிராமல் இருக்குமா? உன் இருமலை அவர் பார்த்துக்கொள்கிறார், அவர் காலை யார் பார்த்துக்கொள்கிறார்கள்? அளவை நூலில் எடுத்து அனுப்பு, விரலால் காட்டி எழுதாதே.

நீ நன்றாகச் சாப்பிடு. இருவரும் நன்றாகச் சாப்பிடுங்கள்.

அக்கா

*

மே 6

அன்புள்ள அக்கா,

நலம். நூல் உள்ளே இருக்கிறது. அது நெட்டையின் கால்தான், கட்டிலின் நீளம் அல்ல. அளவெடுக்கும்போது, "எனக்கா? எனக்கு எதுக்கு?" என்று நான்கு முறை கேட்டான். ஐந்தாவது முறை கேட்காமல் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டான்.

உன் கடிதத்தை வந்த அன்றே பிரித்தேன். இரண்டு முறை படித்தேன். பின்பக்கம் திருப்பிப் பார்த்தேன். உறைக்குள்ளும் பார்த்தேன். ஒரு பெண்ணின் பெயர்கூட இல்லை. பத்து வருஷத்தில் இதுதான் முதல் தடவை அக்கா.

எனக்கு ஒரு டாக்டரிடமிருந்து கடிதம் வந்தது. பல் விஷயம் இல்லை. அவருடைய புத்தகம் எங்கேயோ அச்சாகிறதாம், அங்கே என் நலம் விரும்பும் ஒருவர் இருக்கிறாராம்.

உங்கள் அச்சகத்தில் பிழை திருத்துபவர்கள் எத்தனை பேர்?

தம்பி

*

மே 30

அன்புள்ள தம்பிக்கு,

நான் நலம். மிஞ்சிய நூல் போதாமல் வாங்கப் போனேன், கால் அளவைப் பார்த்துக் கடைக்காரர், "யாருக்கும்மா, சிலைக்கா?" என்று கேட்டார்.

இந்த மாதம் அச்சகத்தில் நடந்ததைச் சொல்கிறேன், கேள்.

யாரோ ஒரு அதிகாரி வந்து முதலாளியைப் பார்த்துவிட்டுப் போனார். அவர் போனதும் முதலாளி முதல் தடவையாக அந்தப் புத்தகத்தைப் பிரித்தார். பத்து நிமிஷத்தில் என்னைக் கூப்பிட்டார். முகம் வெளிறிப்போயிருந்தது.

"ஏம்மா, இதெல்லாம் நமக்கு எதுக்கு? பள்ளிக்கூடப் புத்தகம் அடிச்சுப் பொழைக்கிற இடம் இது. நீயாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?"

"நீங்க கேட்கலையே."

"நிறுத்திடு. கோத்ததையெல்லாம் கலைச்சிடச் சொல்லு."

இருபத்தாறு வருஷத்தில் அவரிடம் எதிர்த்துப் பேசியதில்லை. "கலைக்கலாம். அதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு படிங்க. ஒரு பக்கம்தான்" என்று ஏழாம் குறிப்பை வைத்தேன். வேண்டுமென்றேதான் ஏழு. அதை எழுதியவர் ஒரு கிழவர். முப்பது வருஷம் ஒரே வீட்டில் இருந்த நண்பர் இறந்தபோது, அடக்கத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் இவரைக் குடித்தனக்காரர் என்று நினைத்து, சாவியை எப்போது கொடுப்பீர்கள் என்று கேட்டார்களாம். இவர் கடைசி வரிசையில் நின்று பார்த்துவிட்டு வந்து சாவியைக் கொடுத்துவிட்டாராம்.

முதலாளி படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மனைவியைப் பறிகொடுத்தவர் அவர், உனக்குத்தான் தெரியுமே.

"இந்த ஆளு யாருன்னு தெரியுமா?"

"தெரியாது."

"அப்புறம் எங்க போனாராம்?"

"அதை எழுதலை."

தாளை என் கையில் திருப்பிக் கொடுத்தார். பிறகு, "முந்நூறு பிரதி. நம்ம அச்சகத்துப் பேரு எங்கயும் இருக்கக் கூடாது. டாக்டருக்கும் வக்கீலுக்கும் மட்டும்தான் போகணும். கடைக்குக் கிடையாது" என்றார். நான் வாசல் வரை வந்த பிறகு பின்னாலிருந்து, "பிழையில்லாம வரட்டும்" என்றார்.

இன்று காலை டாக்டரின் கடைசித் திருத்தங்கள் வந்தன. நாற்பத்தொன்றாம் குறிப்பில் சில. பல்செட்டு செய்பவர் தொப்பி தைப்பவராகிவிட்டார். ரயில் அட்டவணை போய் 'ஏதோ ஒரு பழைய புத்தகம்' வந்திருக்கிறது. அதில் எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான், இருந்தாலும் அதுதான் நல்லது. பிறகு, 'அக்காவுக்கு என்னைப் பற்றித் தெரியாது' என்ற வரியில் கடைசிச் சொல் அடிக்கப்பட்டு, மேலே 'தெரியும்' என்று எழுதியிருந்தது. அடுத்த இரண்டு வரிகளும் நீக்கம்.

டாக்டர் கையெழுத்தில் இருந்தாலும் திருத்தம் யாருடையது என்று எனக்குத் தெரியாதா? சரிபார்த்தேன். சரியாக இருந்தது. கையெழுத்துப் போட்டு அச்சுக்கு அனுப்பிவிட்டேன்.

பிழை திருத்துபவர் இங்கே ஒருவர்தான்.

அக்கா

*

ஜூன் 9

அன்புள்ள அக்கா,

எப்படி இருக்கிறாய்? நான் எப்படி இருக்கிறேன் என்று எழுத எனக்கு வார்த்தை தெரியவில்லை. நேற்று ஒருவருடைய மேல் பல்செட்டை இன்னொருவருடைய கீழ்ப் பல்செட்டோடு அனுப்பிவிட்டேன். நல்லவேளையாக இருவரும் ஒரே தெரு.

உனக்குத் தெரியும். இருந்தாலும் ஒரு தடவை என் கையால் எழுத வேண்டும்போல இருக்கிறது. நெட்டை என் அறைத்தோழன் இல்லை. பதினொரு வருஷமாக அவன்தான் என் வீடு. இதை எழுதிவிட்டு ஜன்னலைத் திறந்து தெருவைப் பார்த்தேன். எல்லாம் இருந்தபடிதான் இருக்கிறது.

பத்தொன்பது வயதில் ஒருநாள் உன்னிடம் சொல்லிவிடலாம் என்று வந்தேன். நீ தையல் இயந்திரத்தில் உட்கார்ந்து எனக்குச் சட்டை தைத்துக்கொண்டிருந்தாய். "என்னடா?" என்றாய். "பசிக்குது" என்றேன். அதற்குப் பிறகு பதினைந்து வருஷம் உன்னிடம் பசிக்கிறது என்றுதான் சொல்லிக்கொண்டிருந்தேன்.

உன்னைப் பயமுறுத்திவிட்டேனா? ஏழு வாரம் அழுதாயா? கண் வலி என்று எழுதினாய். நீ எழுதியதை நானும் படிக்கத் தெரிந்தவன்தான்.

நெட்டையிடம் உன் கடிதத்தைக் கொடுத்தேன். நின்றபடியே படித்தான். பிறகு போய், கழுவி வைத்த பாத்திரங்களை எல்லாம் மறுபடியும் கழுவினான்.

ஜூலையில் உங்கள் அச்சகத்தைப் பதினைந்து நாள் மூடுவார்களே, இங்கே வா அக்கா. இதுவரை நீ வருவதாகச் சொன்னபோதெல்லாம் நானே ஏதாவது காரணம் சொல்லித் தடுத்திருக்கிறேன். மன்னித்துக்கொள். ஆனால் ஒன்று. நீ வருகிற நாட்களில் ரயில்வே ஓய்வறையில் தங்கிக்கொள்வதாக இவன் ஒற்றைக்காலில் நிற்கிறான். "அக்கா இத்தனை வருஷம் கழிச்சு உன்னைப் பார்க்க வர்றாங்க. நான் நடுவுல எதுக்கு? பக்கத்து வீட்டுக்காரங்க வேற ஏதாவது கேட்டா அவங்களுக்குத்தான் சங்கடம்" என்கிறான். துணிமணிகளைக்கூடப் பெட்டியில் எடுத்து வைத்துவிட்டான். நான் சொன்னால் கேட்கமாட்டேன் என்கிறான்.

உன் தம்பி

*

ஜூன் 16

அன்புள்ள நெட்டைத் தம்பிக்கு,

நலமா? இது உங்களுக்கு நான் எழுதும் முதல் கடிதம். உங்கள் பெயரை அவன் ஒருநாளும் எழுதியதில்லை, நானும் கேட்டதில்லை. அந்தத் தப்பை நேரில் சரிசெய்துகொள்கிறேன். காலுறை இதோடு வருகிறது. சிறியதாக இருந்தால் சொல்லுங்கள், பெரியதாக இருக்க வாய்ப்பில்லை.

ஜூலை இரண்டாம் தேதி காலை வண்டியில் வருகிறேன். நீங்கள் ஓய்வறைக்குப் போகப்போவதாகக் கேள்விப்பட்டேன். ஏன்? எனக்காகவா? நான் யாரைப் பார்க்க இவ்வளவு தூரம் வருகிறேன்? என் தம்பியின் முகம் எனக்கு மனப்பாடம். தூங்கும்போது எந்தப் பக்கம் வாயைத் திறப்பான் என்பதுவரை தெரியும். உங்களைத்தான் தெரியாது. என்ன சாப்பிடுவீர்கள், எதற்குக் கோபம் வரும், உங்கள் அம்மா இருக்கிறார்களா, உங்களுக்குக் காய்ச்சல் வந்தால் அவன் ஒழுங்காகப் பார்த்துக்கொள்கிறானா, இப்படிப் பதினொரு வருஷத்துக்கான கேள்விகள் என்னிடம் சேர்ந்துகிடக்கின்றன. இருப்பதோ பதினைந்து நாள். இதில் ஒரு நாளைக்கூட ஓய்வறைக்கு விட்டுக்கொடுக்க முடியாது.

நான் ஒன்றும் பெரிய தைரியசாலி இல்லை தம்பி. அந்த ஏழு வாரத்தில் எதையெதையோ நினைத்தேன். அவனுக்கு என்ன ஆகுமோ என்று நினைத்தேன், நான் செய்தது என்ன என்று நினைத்தேன், ஒருநாள் உங்கள்மேல்கூடக் கோபம் வந்தது. அதை மறைத்து உங்களோடு உட்கார்ந்து சாப்பிட எனக்குப் பிடிக்கவில்லை, அதனால் சொல்லிவிடுகிறேன். பிறகு அவனுடைய பழைய கடிதங்களை எல்லாம் எடுத்துப் படித்தேன். எல்லாவற்றிலும் நீங்கள் இருந்தீர்கள். இருமலுக்கு மருந்து வாங்கி வந்தது, கூரை ஒழுகியபோது ஏறி அடைத்தது, அவனுக்கு வேலை போன வருஷம் இரட்டை முறை வேலை பார்த்தது. நான் அவனுக்கு யாராவது வேண்டும், யாராவது வேண்டும் என்று எழுதிக்கொண்டே இருந்தேன். அவன் ஒவ்வொரு தடவையும் பதில் எழுதித்தான் இருக்கிறான். எனக்குத்தான் வாசிக்கத் தெரியவில்லை.

பெட்டியைப் பிரித்துத் துணிகளை எடுத்த இடத்திலேயே வையுங்கள். அது உங்கள் வீடு. விருந்தாளி நான்தான்.

ரயில் நிலையத்துக்கு இருவரும் வாருங்கள். கூட்டத்தில் உங்களைக் கண்டுபிடிப்பதில் எனக்குச் சிரமம் இருக்காது. பக்கத்து வீட்டுக்காரர்கள் யார் இது என்று கேட்டால் எனக்கு ஒரு சங்கடமும் கிடையாது. அவன் வாயைத் திறப்பதற்கு முன்னால் நீங்களே சொல்லிவிடுங்கள், "எங்க அக்கா வந்திருக்காங்க" என்று.

அக்கா